தண்ணீர் போஸ்டர் போட்டி: துளி, குழாய் தாண்டி யோசிப்பது எப்படி?

முகப்பு

எல்லாருக்கும் வணக்கம். கிராஃபிக் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம். கல்லூரி மாணவர்களுக்கான போஸ்டர் போட்டி ஒன்று அறிவித்திருக்கிறார்கள். தலைப்பு 'தண்ணீர்', அவ்வளவுதான். ஏ2 அளவு, நெட்டுவாக்கில். கூடவே 150 சொல்லுக்குள் ஒரு குறிப்பு.

நோட்டில் வரைந்து பார்த்தவை: சொட்டும் குழாய், வெடித்த நிலம், துளிக்குள் பூமி உருண்டை, ஏந்திய கை. வரைந்து முடித்ததும் இதையெல்லாம் எங்கேயோ பார்த்த மாதிரியே இருக்கிறது. நம்ம ஊர் வாசனை வரட்டும் என்று ஒரு நீலத் துளியைச் சுற்றி ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலையைக் கரையாகப் போட்டேன். ஆசிரியை பார்த்துவிட்டு, "அழகா இருக்கும்மா, ஆனா என்ன சொல்ல வர்றே?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

யோசனையை எங்கிருந்து தொடங்குவது, எப்படி வளர்ப்பது? போட்டிகளுக்கு அனுப்பிப் பழகியவர்கள் சொல்லுங்களேன்.

அச்சுமை

காரைக்குடியில் வடிவமைப்பும் அச்சு வேலையும் செய்கிறேன். கல்லூரிப் போட்டிகளுக்கு நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். படங்களைப் பரப்பி வைப்பார்கள், நாங்கள் நடந்துகொண்டே பார்ப்போம். ஒரு படத்துக்குச் சில விநாடிதான். தண்ணீர் என்ற தலைப்புக்குத் துளியும் குழாயும் வெடித்த நிலமும் கட்டாயம் குவியும். நீ போட்டது மோசம் என்று சொல்லவில்லை தங்கச்சி. முதலில் தோன்றுவது எல்லாருக்கும் முதலில் தோன்றும், அதுதான் சிக்கல்.

பூவேலைக் கரை விஷயத்தில் உன் ஆசிரியை கேட்டது சரியான கேள்வி. அந்தக் கரையை எடுத்துவிட்டு மதுரை சுங்குடிப் புள்ளியை வைத்தாலும் படம் அப்படியே நிற்கும், இல்லையா? எதை எடுத்தாலும் ஒன்றும் குறையாது என்றால் அது அலங்காரம். எடுத்தால் படம் விழுந்துவிட வேண்டும். அதைத் தேடு.

இரண்டு பொதுப் போட்டிகளைப் பார். ரூபாய்க் குறியீட்டுக்கு நிதி அமைச்சகம் 2009இல் போட்டி வைத்தது. 2010 ஜூலை 15 அன்று நம்ம உதயகுமார் தர்மலிங்கத்தின் குறியீட்டை ஏற்றார்கள். தேவநாகரி 'ர', ரோமன் 'ஆர்' இரண்டும் ஒரே கோட்டில் தெரிகின்றன. மேலே இரண்டு கிடைக்கோடு. கோட்டை அழித்தால் தேவநாகரியின் தலைக்கோடும் போகும், கொடியின் சாயலும் போகும். ஒட்டிவைத்தது என்று எதுவும் இல்லை. தூய்மை இந்தியா சின்னமும் அப்படித்தான். 2014இல் மைகவ் என்ற அரசுத் தளம் வழியாக நடந்த போட்டியில் கோலாப்பூர்க்காரர் ஒருவர் அனுப்பியது. காந்தியின் கண்ணாடி, ஒரு வட்டத்தில் 'ஸ்வச்', மற்றதில் 'பாரத்'. முகமே வரையாமல் காந்தி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

உனக்கு ஒரு வேலை. பென்சிலைக் கீழே வை. உங்கள் ஊரில் தண்ணீர் என்னென்ன செய்கிறது என்று வினைச்சொல்லாக மட்டும் எழுது. விழுகிறது, சரிகிறது, தேங்குகிறது, நிறைகிறது, வழிகிறது, மறிக்கப்படுகிறது. பெயர்ச்சொல்லில் இருந்து தொடங்கினால் துளிதான் வரும். வினையில் இருந்து தொடங்கினால் ஒரு நிகழ்ச்சி வரும்.

ஊருணிக்கரை

வடிவமைப்பு எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பொதுப்பணித் துறை ஆள். வினை என்று தம்பி சொன்னதால் எழுதுகிறேன்.

செட்டிநாட்டு வீடு மழையை உள்ளே வாங்கும் வீடு. நான்கு பக்க ஓட்டுச் சரிவும் நடுவில் உள்ள முற்றத்தைப் பார்த்துச் சாயும். சரிவுகள் கூடும் மூலையில் தண்ணீர் சேர்ந்து இறங்கும். அங்கே அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடிப்பார்கள். மிச்சம் முற்றத்துக் கல்தளத்தில் விழுந்து, ஜலதாரை வழியாகக் கிணற்றுப் பக்கமோ தெருவுக்கோ போகும். தெருவில் ஓடுவது ஊருணிக்குச் சேரும். இது தனித்தனி வீட்டின் ஏற்பாடு இல்லை. தெருவின் வாட்டம், கால்வாய், ஊருணி, கண்மாய் எல்லாம் சேர்ந்த ஒரே ஏற்பாடு. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் சேர்ந்தபோது, மாளிகைகளோடு சேர்த்து இந்த நீர் ஏற்பாட்டையும்தான் முன்வைத்தார்கள்.

குடிக்க ஊருணி, பாசனத்துக்குக் கண்மாய். குடிதண்ணீர் ஊருணியில் குளிக்க விடமாட்டார்கள், மாட்டை இறக்க விடமாட்டார்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்றால், நல்ல மழை பெய்கிறது, ஊருணி நிறைவதில்லை. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் எங்கோ ஒரு இடத்தில் மண்ணைக் கொட்டியிருப்பார்கள், சுவர் வைத்திருப்பார்கள், ரோட்டை உயர்த்திக் குழாய் போடாமல் விட்டிருப்பார்கள். அடைப்பு பத்தடிதான் இருக்கும். அதற்குக் கீழே உள்ளது அத்தனையும் காயும். 'தண்ணீரைச் சேமிப்போம்' என்று சுவரில் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். சேமிக்க நாம் ஒன்றும் செய்ய வேண்டாம் அம்மா, மறிக்காமல் இருந்தால் போதும். உன் போஸ்டர் யாரையாவது அந்தப் பத்தடியைப் பார்க்க வைத்தால் பெரிய விஷயம்.

முகப்பு

ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பெரியப்பா வீட்டு மொட்டைமாடியில் ஏறி ஓட்டுச் சரிவைப் பார்த்தேன். மேலே இருந்து பார்த்தால் நான்கு சரிவு, நடுவில் ஒரு சதுரம், மூலையில் இருந்து மூலைக்குக் கோடு. அப்படியே ஒரு ஆத்தங்குடிக் கல்!

அதிலிருந்து வந்த யோசனை இது. ஒரு வீடு ஒரு கல். பல கல் சேர்ந்தால் ஒரு தரை, அதாவது ஒரு ஊர். ஒவ்வொரு கல்லிலும் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. கல்லோடு கல் சேரும்போது வாய்க்காலும் சேர்ந்து மேலிருந்து கீழே இறங்குகிறது. நடுவில் ஒரே ஒரு கல்லை மட்டும் திருப்பிப் பதித்துவிட்டார்கள். அங்கே தண்ணீர் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள கற்களில் வாய்க்கால் இருக்கிறது, தண்ணீர் இல்லை.

இப்போது கல்லை எடுத்தால் படமே இல்லை. அச்சுமை அண்ணன் சொன்னது இதைத்தானே?

அச்சுமை

இதைத்தான். அவசரப்பட்டு கணினியில் உட்காராதே. கல் வேலை தெரிந்தவர் யாராவது பார்க்கட்டும்.

கண்ணாடிக்கல்

ஆத்தங்குடியில் கல் போடுகிற குடும்பம். மூன்று விஷயம் சொல்லணும்.

முதலாவது, திருப்பிப் பதித்தது தெரிய வேண்டும் என்றால் கல்லின் டிசைன் நான்கு பக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. நீங்கள் சொல்கிற ஓட்டுச் சரிவுக் கல்லை எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரிதான் கிடக்கும். வாய்க்கால் மேல் விளிம்பின் நடுவில் நுழைந்து கீழ் விளிம்பின் நடுவில் வெளியேற வேண்டும். அந்தக் கல்லைக் கால் சுற்று திருப்பினால் வாய்க்கால் இடமிருந்து வலமாகப் படுத்துக்கொள்ளும். மேலே இருந்து வருகிற தண்ணீருக்கு வாசல் இல்லை. கொத்தனார் இப்படி ஒரு கல்லைப் பதித்துவிட்டால் வீட்டுக்காரர் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

இரண்டாவது, நிறம். கல் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும். கீழே கண்ணாடி. அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் உலோகத் தகட்டில் செய்த அச்சு. அச்சில் அறை அறையாகத் தடுப்பு இருக்கும். ஒவ்வொரு அறையிலும் சிமென்டும் ஆக்சைடு நிறமும் கரைத்த குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுவோம். ஒரு அறைக்கு ஒரு நிறம். அப்புறம் அச்சை ஆடாமல் நேரே மேலே தூக்கணும். நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். மேலே சிமென்டும் மணலும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவினால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் கலவை போட்டுச் சமப்படுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைப்போம். சூளை கிடையாது. பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை, இவைதான் இங்கே அதிகம் ஓடுகிற நிறம். தண்ணீர் என்றால் நீலம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊருணித் தண்ணீர் பச்சைதான்.

மூன்றாவது, அச்சைத் தூக்கும்போது இரண்டு நிறமும் ஓரத்தில் ஒரு மயிரிழை கலக்கும். கணினியில் போட்ட கோடு கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும், அதைப் பார்த்தால் எங்களுக்குக் கல் என்றே தோன்றாது. முடிந்தால் பட்டறைக்கு வந்து ஓரத்தை உற்றுப் பாருங்கள்.

முகப்பு

பச்சை! நீலமே இல்லாத தண்ணீர் போஸ்டர். மிக்க நன்றி அண்ணே. சனிக்கிழமை வரலாமா?

கொட்டான்

நடுவில் ஒரு மாற்றுக் கருத்து. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

செட்டிநாட்டு மாணவர் என்றாலே கல், கண்டாங்கிச் சேலை, கொட்டான் கூடை, மரத்தூண் என்று ஏன் போக வேண்டும்? நானும் இந்த ஊர்தான், சென்னையில் வேலை. என் வகுப்பில் மரபு என்று வந்தாலே ஆசிரியர்கள் கைதட்டுவார்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அதனால் கெட்டுப்போன வேலைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த யோசனை பூட்டிக் கிடக்கிற மாளிகைகளைப் பற்றிய ஏக்கமாக முடிந்துவிடக் கூடாது. அடைபட்ட வரத்துக்கால் இன்றைய பிரச்சினை. படமும் இன்றையதாக இருக்கட்டும். பழுப்பேறிய பின்னணி, கிழிந்த ஓரம், பழைய காகிதம் மாதிரி ஒரு மெருகு, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. விதிமுறையை வரி விடாமல் படி. என் கல்லூரிக் காலத்தில் ஒரு நிறுவனம் சின்னத்துக்குப் போட்டி வைத்தது. வந்த எல்லா வடிவங்களும், பரிசு பெறாதவை உட்பட, தங்களுக்கே சொந்தம் என்று கடைசிப் பத்தியில் இருந்தது. வகுப்பே அனுப்பியது, பரிசு ஒருவருக்கு, மற்றவர்களுக்குத் தங்கள் வேலையைத் தொகுப்பில் காட்டக்கூட அனுமதி இல்லை. அதற்குப் போட்டி என்று பெயர் வைத்தாலும் அது கூலி இல்லாத வேலைதான்.

அச்சுமை

கொட்டான் சொன்ன இரண்டுமே முக்கியம். முதலாவதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். மரபு என்ற பெயரில் சோம்பேறித்தனம் நிறைய நடக்கிறது. ஆனால் தன் காலடியில் இருப்பதை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டு எடுத்தால் அது எந்த ஊருக்கும் போகும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸ் அடையாளத்துக்கு அமெரிக்க வடிவமைப்பாளர் லான்ஸ் வைமன், மெக்சிகோவின் பழங்குடிகளான ஹுயிசோல் மக்களின் வேலைப்பாட்டில் கோடு கோடாக விரிகிற முறையை எடுத்தார். ஓர் உருவத்தைக் கத்தரித்து ஒட்டவில்லை, விரிகிற முறையை எடுத்தார். எண்ணும் எழுத்தும் அதே கோட்டில் விரிந்தன. இந்தப் பெண்ணும் கல்லில் இருந்து பூவை எடுக்கவில்லை. கல்லோடு கல் சேர்கிற முறையை எடுத்திருக்கிறாள். இரண்டுக்கும் வித்தியாசம் பெரியது.

உரிமை விஷயத்தில் சட்டம் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, தானாக வரைந்து அனுப்புகிற மாணவரிடம்தான் முதல் உரிமை. அதை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த எல்லை என்று எழுதாவிட்டால் இந்தியா என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையை விற்ற பிறகும் 'இது நான் செய்தது' என்று சொல்கிற உரிமை 57ஆம் பிரிவில் இருக்கிறது. பரிசு பெற்றதை மட்டும் பயன்படுத்துவோம், மற்றவை படைத்தவருக்கே என்று எழுதியிருந்தால் தைரியமாக அனுப்பு.

மாணவர்களுக்கு என்றே நடக்கிற நல்ல போட்டிகளும் உண்டு. லண்டன் ஆர்எஸ்ஏ அமைப்பு மாணவர் வடிவமைப்புப் போட்டியை 1924இல் தொடங்கியது. பிரிட்டனின் வடிவமைப்பு அமைப்பான டி அண்ட் ஏடியின் நியூ பிளட் போட்டியில் ஒவ்வொரு ஆண்டும் பல பிரச்சினைகளை விரிவாக எழுதிக் கொடுப்பார்கள். அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பிரச்சினைக் குறிப்புகளைப் படித்துப் பழகு. போஸ்டர் என்றால் போலந்தின் வார்சா நகரில் 1966இல் தொடங்கிய, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வைக்கிற போஸ்டர் கண்காட்சியான வார்சா பியன்னாலேயில் தேர்வானவற்றைப் பார். எவ்வளவு குறைவாக வரைந்து எவ்வளவு சொல்கிறார்கள் என்று கண் பழகும்.

எழுத்துரு

எழுத்து வேலை செய்கிறவன். எழுத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

போஸ்டரில் தமிழ் வரி வைப்பதானால் முதலில் மென்பொருளைச் சரி செய். அடோபியில் யூனிகோடு தமிழை ஒட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி பாராகிராஃப் கம்போஸரைத் தேர்ந்தெடு. இல்லஸ்ட்ரேட்டரிலும் போட்டோஷாப்பிலும் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கும். அனுப்பும் முன் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிவிடு, பிறகு ஒருமுறை படித்துப் பார். கொம்பு இடம் மாறிய போஸ்டர் பரிசு மேடை வரைக்கும் போனதைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிந்தது. கட்டமரன், முக்த மலர், மீரா இனிமை, பவனம் எல்லாம் கூகுள் எழுத்துருவில் இலவசமாகவே கிடைக்கின்றன, உரிமச் சிக்கலும் கிடையாது.

அப்புறம், யோசனை ஏற்கெனவே இருக்கிறதா என்று படத்தை வைத்தே தேடு. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு 2015 ஜூலையில் வெளியிட்ட சின்னம் பெல்ஜியத்து நாடக அரங்கின் சின்னம் போல இருக்கிறது என்று புகார் எழுந்து செப்டம்பரிலேயே திரும்பப் பெற்றார்கள். பிறகு பொதுப் போட்டி வைத்தார்கள். 14,599 வடிவங்கள் வந்தன. 2016 ஏப்ரலில் அசாவ் தோகோலோவின் கட்டம் போட்ட சின்னம் தேர்வானது. ஜப்பானின் பழைய கட்ட வேலைப்பாடு, கருநீல ஒரே நிறம், மூன்று வகைச் செவ்வகம், அவ்வளவுதான். நம்ம கண்டாங்கிக் கட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது இன்னும் நெருக்கமாகத் தெரியும். கட்டமும் கல்லும் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. அதைக் கொண்டு என்ன செய்தாய் என்பதுதான் உன்னுடையது.

முகப்பு

பட்டறைக்குப் போய் வந்தேன். கண்ணாடிக்கல் அண்ணனும் அவர் அப்பாவும் நாள் முழுக்கப் பொறுமையாகக் காட்டினார்கள். ஓரத்தில் நிறம் கலப்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவில் நேர்கோடு இல்லை, சின்னச் சின்ன அலை. பச்சை ஓரிடத்தில் வெள்ளைக்குள் கசிந்திருந்தது. தண்ணீர் ஓரத்துக்கு இதைவிட நல்ல கோடு நான் வரைய முடியாது. அதனால் அவர்கள் போட்ட கற்களின் விளிம்பைப் படம் பிடித்து, அந்த விளிம்பையே எடுத்து வாய்க்காலின் கரையாக வைத்திருக்கிறேன். குறிப்பில் பட்டறைக்கு நன்றி எழுதுகிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டேன்.

அளவு: ஏ2 என்பது 420க்கு 594 மி.மீ. ஒரு கல் 84 மி.மீ. என்றால் அகலத்தில் 5, உயரத்தில் 7, மொத்தம் 35 கல். உயரத்தில் 6 மி.மீ. மிஞ்சுகிறது. ஐந்து வாய்க்கால் மேலிருந்து இறங்குகின்றன. நடு வரிசையில் ஒரு கல் திரும்பியிருக்கிறது. அதற்குக் கீழே நடு வரிசை மட்டும் பச்சை இல்லாமல் வெறும் சிமென்டு நிறம்.

கேட்க வேண்டியது: எந்தக் கல்லைத் திருப்புவது? மூன்றாவதா, ஆறாவதா? ஒரு வரி எழுத்தும் வேண்டுமா என்று யோசிக்கிறேன். 'மழை வந்தது. வழி இல்லை.' என்று எழுதிப் பார்த்தேன்.

ஊருணிக்கரை

மூன்றாவது. அடைப்பு மேலே இருந்தால்தான் கீழே எவ்வளவு காய்கிறது என்று தெரியும். ஆறாவதில் வைத்தால் ஒரு கல்தான் காயும், யாருக்கும் உறைக்காது. ஊரில் சண்டை வருவதும் மேல்மடை அடைபடும்போதுதான்.

கொட்டான்

வரி நன்றாக இருக்கிறது, ஆனால் 'வழி இல்லை' என்றால் யாரோ கைவிரிப்பது போல் இருக்கிறது. இயற்கையின் மேல் பழி போகிறது. மறித்தது மனிதர் என்று தெரிய வேண்டும். 'மழை வந்தது. யார் மறித்தது?' எழுத்தைக் காய்ந்த வரிசையில் கடைசிக் கல்லில் சின்னதாக வை. கண் திரும்பிய கல்லில் தொடங்கி, காய்ந்த வழியிலேயே இறங்கி, கேள்வியில் வந்து நிற்கும்.

பழைய காகித மெருகு எதுவும் போடாததற்கு நன்றி.

எழுத்துரு

'யார் மறித்தது?' எனக்கும் பிடித்திருக்கிறது. 84 மி.மீ. கல்லுக்குள் இரண்டு வரியாக வை. மேல் வரியில் 'ழ', 'து' என்று கீழே இறங்குகிற எழுத்துகள், கீழ் வரியில் 'றி'யின் மேல்விலங்குச் சுழி. வரி இடைவெளியைத் தாராளமாக விடு, இல்லாவிட்டால் முட்டும்.

அச்சுமை

அனுப்பும் முன் ஒரு சோதனை. சிறிதாக அச்செடுத்து, ஒன்றும் சொல்லாமல் யாரிடமாவது காட்டு. டிசைன் படித்தவர்களிடம் வேண்டாம். 'இது என்ன?' என்று கேட்காதே, 'பாருங்க' என்று மட்டும் சொல்.

முகப்பு

எங்கள் அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கல்லு ஒண்ணு திரும்பிக் கெடக்கே, கொத்தன் கவனிக்கலையா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, விரலால் நடு வரிசையைக் கீழே வரைக்கும் தடவிக்கொண்டே போய், "அதான் இங்க தண்ணி வரல" என்றார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் திரும்பிய கல்லைப் பார்க்கவில்லை, நல்ல தரை டிசைன் என்றார். அதனால் மற்ற கற்களில் இருந்த மூலைப் பூவை எடுத்துவிட்டேன். வாய்க்காலும் ஓட்டுச் சரிவின் கோடும் மட்டும் இருக்கிறது. இப்போது திரும்பிய கல் உடனே தெரிகிறது.

அச்சுமை

பூவை எடுத்தது நல்ல முடிவு. தொடக்கத்தில் அதைத்தான் கரையாகப் போட்டிருந்தாய்.

அச்சுக்கு: அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ), நான்கு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட், அதாவது வெட்டுக்கு வெளியே கூடுதல் ஓரம். மிஞ்சுகிற 6 மி.மீ.ஐ மேலேயும் கீழேயும் பிரித்துக் கல்லை வெட்டுக்குள் ஓட விடு, வெள்ளை ஓரம் வேண்டாம், தரை தொடர்ந்து போகிற மாதிரி இருக்கட்டும். பச்சையைத் திரையில் பார்த்து நம்பாதே. அச்சின் நான்கு மை நிறங்களான சிஎம்ஒய்கேயில் மங்கும், ஆக்சைடு பச்சை எப்படியும் மங்கல்தான் என்பதால் உனக்கு அது சாதகம். ஒரு கல்லைக் கையோடு கொண்டு வா. சோதனை அச்சு எடுத்து அதன் பக்கத்தில் வைத்து நிறத்தைச் சரிபார்த்துவிடலாம். திங்கள் காலை கடை திறந்திருக்கும்.

முகப்பு

சரி அண்ணே, திங்கள் காலை கல்லோடு வருகிறேன். ஊருணிக்கரை ஐயா, குறிப்பில் வரத்துக்கால் பற்றி எழுதியிருக்கும் வரிகளை உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பிழை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.